புது டர்போ போட்டும் நிற்காத ஆயில் ஒழுக்கு

பல்லடம் ரோட்டில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அந்த வண்டி முதல் தடவை வந்தது ஒரு மார்ச் மாதக் காலையில். 1.3 லிட்டர் டீசல், 2014 மாடல், 1,46,000 கிலோமீட்டர் ஓடியது. ஓனர் பனியன் கம்பெனிகளுக்கு நூல் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். திருப்பூர், கோவை, ஈரோடு என்று நாள் முழுக்க ரோட்டிலேயே இருப்பவர். இறங்கியதும் அவர் சொன்னது இதுதான்: "தம்பி, டர்போவே புதுசு மாத்தியாச்சுங்க. ஆனாலும் ஆயில் ஒழுகுது."

டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். நாலு மாதத்துக்கு முன் வேறொரு இடத்தில் 38,000 ரூபாய் கொடுத்து அதை மாற்றியிருக்கிறார். பில் கையில் இருந்தது. பொருளும் புதியதுதான், ரீகண்டிஷன் செய்தது இல்லை. மாற்றிய இரண்டே வாரத்தில் பழைய தொல்லைகள் எல்லாம் திரும்பிவிட்டன. வண்டி நின்ற இடத்தில் சொட்டு, ஏசி போட்டால் உள்ளே கருகிய ஆயில் வாடை, 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் காணாமல் போவது. மாற்றியவர் மறுபடி பார்த்துவிட்டு, "இன்ஜினே போர் செய்யணும்" என்று சொல்லியிருக்கிறார். அதாவது இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போடும் பெரிய வேலை. அதைக் கேட்டுத்தான் மனிதர் மிரண்டு எங்களிடம் வந்தார்.

முதல் தடவை நான் சறுக்கியது

பானெட்டைத் திறந்தால் டர்போ மேலிருந்து கீழ்வரை நனைந்து, அதன்மேல் தூசி படிந்து, அடை மாதிரி அப்பியிருந்தது. டர்போவின் தலைமேல் இன்ஜின் ஆயில் வந்து சேரும் மெல்லிய பைப் ஒன்று உண்டு. நடுவில் துளை போட்ட பேஞ்சோ போல்ட் அதைப் பிடித்திருக்கும். பைப்பின் கண்ணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு செம்பு வாஷர். அந்த இடம் பளபளவென்று ஈரமாக இருந்தது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், டர்போ புதிது, வாஷர் மட்டும் பழையது. இரண்டிலும் பழைய தடத்துக்குப் பக்கத்தில் புதிய தடம் ஒன்று, வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்தது.

செம்பு வாஷர் நசுங்குவதால்தான் அடைக்கிறது. ஒரு தடவை நசுங்கினால் இறுகிவிடும், அடுத்த தடவை அதே மாதிரி வளைந்து கொடுக்காது. பழுக்கக் காய்ச்சி மறுபடி இளக்கிப் போடுகிறவர்கள் உண்டு, அதுவும் வேலை செய்யும். ஆனால் சில ரூபாய் வாஷருக்காகவா அடுப்பு பற்றவைப்பது?

புது வாஷர் போட்டேன், டார்க் ரெஞ்சில் முறுக்கினேன், பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன், அனுப்பிவிட்டேன். பதினோராவது நாள் வண்டி திரும்பி வந்து நின்றது. அதே ஈரம், அதே வாடை.

வாஷர் கசிந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கசிவால் மட்டும் 1,500 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் போகாது. கண்ணில் பட்ட முதல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, கணக்கைப் பார்க்காமல் விட்டது என் தப்பு.

புகை எப்போது வருகிறது?

இரண்டாம் தடவை ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். "ணா, சைலன்சர்ல புகை வருதா? எந்த நேரத்துல வருது?"

"ஏத்தத்துல போறப்ப இல்லீங்க தம்பி. டோல்கேட்ல ரெண்டு நிமிஷம் நின்னுட்டு எடுத்தா ஒரு குப்பு தள்ளும். போன வாரம் ஊட்டி போய்ட்டு வந்தோம். குன்னூர் மலை முழுக்க இறங்கி மேட்டுப்பாளையம் வந்து ஆக்சிலேட்டரை மிதிச்சேன் பாருங்க, பின்னாடி வந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான். நீலமா புகை."

பாதி விடை இதிலேயே வந்துவிட்டது. சிலிண்டருக்குள் ஆயில் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி லோடு ஏறும்போதும் புகைக்கும். இந்த வண்டி சும்மா நின்ற பிறகும், இறக்கத்தில் கால் எடுத்து வந்த பிறகும்தான் புகைக்கிறது. அதாவது டர்போவில் காற்றழுத்தம் இல்லாத நேரத்தில் ஆயில் எங்கோ சேர்கிறது, மிதித்ததும் எரிகிறது.

இது ஏன் என்று புரிய, டர்போவுக்குள் ஆயிலை எது தடுத்து நிறுத்துகிறது என்று தெரிய வேண்டும். பலர் நினைப்பதுபோல் அங்கே ரப்பர் சீல் எதுவும் கிடையாது. ஒருபக்கம் எக்ஸாஸ்ட் வெப்பம், இன்னொரு பக்கம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகும் ஷாஃப்ட். எந்த ரப்பர் நிற்கும்? ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. இரு முனையிலும் மோதிரம் மாதிரி மெல்லிய ரிங், பிஸ்டன் ரிங் போலவே வாய் பிளந்தது. அந்த வாய் வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். ஓடும்போது ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் டர்போ சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள காற்றழுத்தம், ஷாஃப்ட்டைத் தாங்கும் நடு ஹவுசிங்கில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் காற்று உள்ளே தள்ளுமே தவிர ஆயில் வெளியே வராது. இன்னொரு பக்கம், பிரஷரில் வந்த ஆயில் வேலை முடிந்ததும் நுரைத்துப்போய், கீழே இருக்கும் பெரிய பைப் வழியாக, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சேம்பருக்குத் தானாக இறங்கிவிட வேண்டும். அங்கே பம்பு எதுவும் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான். மேலே வரும் பைப் பென்சில் தடிமனும், கீழே இறங்கும் பைப் கட்டைவிரல் தடிமனும் இருப்பது அதனால்தான்.

இறங்கும் வழி அடைபட்டால் ஹவுசிங்கில் ஆயில் நிரம்பி, இரண்டு பக்கமும் ரிங்கைத் தாண்டும். வழி திறந்தே இருந்தாலும், சேம்பருக்குள் காற்றழுத்தம் ஏறிவிட்டால் ஆயில் இறங்காது. கேனில் புனலை இறுக்கமாகச் செருகி எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் புனலில் எண்ணெய் அப்படியே நிற்கும். புனலைக் கொஞ்சம் தூக்கினால் 'களக்' என்று இறங்கும். இன்ஜினில் அப்படித் தூக்கிவிடும் வேலையைச் செய்வது பிரீத்தர். சிலிண்டரிலிருந்து ரிங்கைத் தாண்டி சேம்பருக்குள் கசியும் வாயுவை வெளியே எடுத்து, ஆயில் துளியைப் பிரித்துவிட்டு, டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாயில் விடுகிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், புது டர்போ போட்டும் ஒழுகுகிறது என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கழுவி, காயவைத்து, விளக்கடித்துப் பார்த்தது

முதலில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி, டிப்ஸ்டிக். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. "குறையுதேன்னு நானே அப்பப்ப ஊத்திக்கிறேனுங்க" என்றார். குறைவதற்கு பயந்து ஊற்றியது குறைவதை இன்னும் கூட்டியிருக்கும். அளவு கூடினால் சேம்பருக்கு மேலே சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரைக்கவைக்கும், டர்போவிலிருந்து இறங்கும் ஆயிலுக்கும் இடம் குறுகும். சரியான அளவுக்கு வடித்துவிட்டு ஆரம்பித்தோம்.

அடுத்து டீகிரீசர் அடித்துக் கழுவி, காற்றடித்து, டர்போவைச் சுற்றி சுக்கு மாதிரி காயவைத்தோம். ஆல்டர்னேட்டரையும் கனெக்டர்களையும் பாலிதீன் சுற்றி மூடாமல் இந்த வேலை செய்யக் கூடாது. இன்ஜினின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவர் ஓரத்தையும் துடைத்துவைத்தோம். அங்கே கசிந்தால் வழிந்து டர்போ மேல்தான் விழும், பழி டர்போவுக்கு வரும். ஆயில் கீழே வழியும், ஃபேன் காற்றில் பின்னாலும் நகரும். அதனால் ஈரத்தின் மேல் எல்லையும் முன் எல்லையும் எங்கே என்றுதான் தேட வேண்டும். சொட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

ஆயிலில் புற ஊதா (யூவி) விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, ஷட்டரை இறக்கி இருட்டாக்கி விளக்கடித்தோம். உதவிக்கு இருக்கும் பையன் மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "ண்ணா, டியூப்லைட் மாதிரி எரியுது ண்ணா" என்றான். புது வாஷர் போட்ட இடம் இருட்டு, அங்கே கசிவு இல்லை. டேப்பட் கவர் ஓரமும் இருட்டு. பச்சையாக ஒளிர்ந்தவை மூன்று இடங்கள். காற்றடிக்கும் பக்கத்து ஹவுசிங் நடு ஹவுசிங்கோடு சேரும் விளிம்பின் அடிப்பாகம், அங்கிருந்து, டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப், கீழே இறங்கும் பைப்பை போல்ட் போட்டுப் பிடிக்கும் தட்டை விளிம்பான ஃபிளாஞ்ச்.

முதல் இரண்டும் காற்றுப் பாதை. அங்கே வெளியே கசிகிறது என்றால் உள்ளே ஆயில் நிற்கிறது. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினோம். பிரீத்தர் வாயு அந்த வழியாகத்தான் போவதால் உள்சுவரில் மெல்லிய ஆயில் படலம் எந்த டர்போ வண்டியிலும் இருக்கும். அதைப் பார்த்து பயப்படத் தேவையில்லை, அதைக் காட்டி டர்போ விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் இங்கே இன்டர்கூலரைச் சாய்த்ததும் பாட்டிலில் 150 மில்லி வடிந்தது.

இது விளையாட்டு இல்லை. டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். தேங்கிய ஆயிலை மொத்தமாக உறிஞ்சிவிட்டால் சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது, தானாக வேகமெடுத்துக் கத்தும். கியர் வண்டியில் நிற்கும்போது இப்படி நடந்தால், பிரேக்கை முழுசாக மிதித்து, பெரிய கியரைப் போட்டு, கிளச்சை விட்டு அடக்கப் பார்க்கலாம். இல்லையென்றால் காற்று போகும் வழியை அழுத்தமான பலகை வைத்து அடைக்க வேண்டும், கையை வைக்கக் கூடாது. இரண்டும் முடியாவிட்டால் விலகி ஓட வேண்டியதுதான்.

டர்போவா, இன்ஜினா?

காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் மூக்கை, அதாவது காற்றிழுக்கும் சக்கரத்தின் நடுமுனையை, விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு எதுவும் தெரியவில்லை. டயல் கேஜ் வைத்தபோது 0.05 மில்லிமீட்டர். மேலும் கீழும் லேசான ஆட்டம் இருந்தது. ஆயில் படலத்தில் மிதக்கும் புஷ் என்பதால் அது இருக்கத்தான் வேண்டும். இந்த ஆட்டத்தைக் காட்டி "பேரிங் போச்சு" என்று சொல்வதும் உண்டு. இறக்கை எங்கும் சுவரை உரசவில்லை, முனைகள் கூராக இருந்தன. ஏர் ஃபில்டரும் சுத்தம். ஃபில்டர் அடைத்திருந்தால் டர்போ காற்றுக்கு ஏங்கி, ஆயிலையே உறிஞ்சும். இங்கே அது இல்லை. டர்போ குற்றவாளி இல்லை என்று அன்று மதியமே தெரிந்துவிட்டது.

அடுத்தது சேம்பர் அழுத்தம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த டியூப் இரண்டு மீட்டர் வாங்கி, யு வடிவில் பலகையில் கட்டி, ஒரு ஸ்கேலை நடுவில் ஒட்டி, தண்ணீர் ஊற்றினேன். கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். பலகையைப் பையன் டீக்கடையில் வாங்கிவந்தான், என்ன பலகை என்று நான் கேட்கவில்லை. டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டு அந்தக் குழலில் டியூபின் ஒரு முனையைக் காற்றுப் போகாமல் செருகி, மறுமுனையைத் திறந்துவிட வேண்டும். பலகை இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மஞ்சள் தண்ணீர் சேம்பருக்குள் போய்விடும்.

ஐடிலில் இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே 90 மில்லிமீட்டர் வித்தியாசம். 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 210. நல்ல இன்ஜினில் தண்ணீர் கிட்டத்தட்ட சமமாக நிற்க வேண்டும்.

அழுத்தம் ஏறப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ரிங் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி வருகிறது, அல்லது வருகிற வாயு போக வழியில்லை. முதலாவது என்றால் அந்த "போர்" ஆரூடம் பலித்துவிடும், ஓனருக்குப் பெரிய செலவு. கம்ப்ரஷன் பார்த்தோம். நாலு சிலிண்டரும் 24 முதல் 26 பாருக்குள், அதனால் ரிங் மேல் சந்தேகம் இல்லை. பிறகு, டேப்பட் கவரிலிருந்து காற்றுக் குழாய்க்குப் போகும் பிரீத்தர் ஹோஸைக் கழற்றித் திறந்தவெளியில் விட்டேன். ஹோஸில் அடைப்பு இருந்தால் இப்போது அழுத்தம் இறங்க வேண்டும். 210 என்றிருந்தது 190 ஆனது, அவ்வளவுதான். ஆக, அடைப்பு ஹோஸுக்கு முன்னால், டேப்பட் கவருக்குள் இருக்கும் ஆயில் பிரிப்பானில்.

கவரைக் கழற்றித் திருப்பினால், ஆயில் பிரிக்கும் தட்டுகளுக்கு இடையே கருஞ்சாந்து. ஸ்குரூடிரைவர் முனையால் சுரண்டினால் ரோடு போடும் தார் மாதிரி இழுபட்டது. ஆயில் மாற்றும் இடைவெளியைக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு ரெண்டு தடவ தள்ளிப் போயிருச்சுங்க" என்றார்.

இறங்கும் பைப்

டர்போவிலிருந்து கீழே இறங்கும் பைப்பைக் கழற்றியபோதுதான் கதையின் மறுபாதி கிடைத்தது. ஃபிளாஞ்சில் மெட்டல் காஸ்கெட் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவியிருந்தார்கள். முறுக்கும்போது வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தார்கள்? சாம்பல் நிறத்தில் உதடு மாதிரி சுற்றிலும் நீட்டிக்கொண்டிருந்தது. 15 மில்லிமீட்டர் துளையில் மிச்சம் இருந்த வழி 8 மில்லிமீட்டர். விட்டத்தில் பாதிதானே குறைந்தது என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் மிச்சம் இருப்பது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒரு துண்டு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, நெயில் கட்டர் வெட்டிப்போட்ட நகம் அளவுக்கு. இறங்கும் பக்கத்தில் இருந்ததால் சேம்பருக்குத்தான் போயிருக்கும். ஆயில் வரும் பக்கத்தில் இதே பேஸ்ட்டைத் தடவி, ஒரு துணுக்கு உள்ளே போயிருந்தால், ஆயில் வழி அடைபட்டுப் புது டர்போ பேரிங் நிமிடக் கணக்கில் கருகியிருக்கும். டர்போவின் ஆயில் ஃபிளாஞ்ச் எதிலும் பேஸ்ட் கூடாது என்று டர்போ பெட்டியில் வரும் தாளிலேயே போட்டிருப்பார்கள். பெட்டியோடு சேர்த்து அதையும் குப்பையில் போடுகிறோம்.

பேஸ்ட் நாலு மாதத்துக்கு முன் வந்தது. பிரீத்தர் அடைப்பு அதற்கும் முன்னால் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது ஒழுக்கு முன்பைவிட மோசமாயிற்று.

செய்த வேலை

டேப்பட் கவர் பிரிப்பானோடு சேர்ந்த ஒரே பாகம் என்பதால் புதிதாகவே போட்டோம். பழையதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி மறுபடி போடலாம் என்று ஓனர் கேட்டார். தட்டுகள் ஒட்டிச் சீல் செய்தவை, உள்மூலை எவ்வளவு சுத்தமானது என்று பார்க்க வழியில்லை, அதனால் வேண்டாம் என்றேன். ஃபிளாஞ்ச் இரண்டையும் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, புது மெட்டல் காஸ்கெட்டை வறட்டுவாக்கில் போட்டோம். இறங்கும் பைப்பின் ரப்பர் ஹோஸ் பகுதி ஆயிலில் ஊறி உப்பியிருந்தது, அதுவும் புதிது. மேலே வரும் பைப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வளைவில் கரி படிந்திருந்தது. கரியைக் குத்தி எடுக்கலாம். குத்தும்போது உதிர்வது நேராக பேரிங்குக்குப் போகும் என்பதால் பைப்பையே மாற்றினேன். வாஷரும் மறுபடி புதிது, கழற்றியாயிற்றே.

இன்டர்கூலரைக் கரைப்பான் ஊற்றிக் கழுவி ஒரு இரவு முழுக்கக் கவிழ்த்து வடியவிட்டோம். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால், தங்கிய கரைப்பானையே இன்ஜின் குடித்துவிட்டு வேகமெடுக்கும். பிறகு புது ஆயில், ஃபில்டர்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, மூக்கை விரலால் சுற்றிவிட்டேன். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவைத்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை செல்ஃப் மட்டும் விட்டுவிட்டு அடித்தோம். பிறகு கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்து, மூன்று நிமிடம் ஐடிலில், ஆக்சிலேட்டரைத் தொடாமல். கனெக்டர் கழற்றியதால் டாஷ்போர்டில் எரிந்த விளக்கை ஸ்கேனரில் அழித்தோம்.

மஞ்சள் தண்ணீர் பலகையை மறுபடி மாட்டினேன். ஐடிலில் 5 மில்லிமீட்டர். 2,500 ஆர்பிஎம்மில் 10. பையன் பலகையை போட்டோ எடுத்துக்கொண்டான்.

மொத்தச் செலவு 9,400 ரூபாய், லேபர் சேர்த்து.

பிறகு

மறுநாள் காலை ஏழு மணிக்கே போன். "தம்பி, இன்னும் புகையுதே?" சைலன்சருக்குள் நாலு மாதமாகப் போய்ச் சேர்ந்த ஆயில் அங்கேதான் இருக்கும், சூடேறி எரிந்து தீர வேண்டும். பைபாஸில் ஒரு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னேன். இந்த வண்டியில் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டி கிடையாது, அதனால் அதோடு முடிந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசலாக இருந்தால், அவ்வளவு ஆயில் போன பிறகு டிபிஎஃப்பின் நிலைமையையும் தனியாகப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். மூன்றாம் நாள் புகை நின்றது.

1,000 கிலோமீட்டரில் வரச்சொல்லி விளக்கடித்தோம். டர்போவைச் சுற்றி ஒரு பச்சைப் புள்ளி இல்லை. 5,000 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் இரு கோட்டுக்கும் இடையே கால்வாசிகூட இறங்கவில்லை. இடையில் ஒருமுறை ஊட்டிக்கும் போய்வந்திருக்கிறார், பின்னால் வந்த யாரும் ஹாரன் அடிக்கவில்லையாம்.

அந்த 5,000 சர்வீஸ் அன்று பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பியவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, அப்ப பழைய டர்போவும் நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

அது எக்ஸ்சேஞ்சில் எப்போதோ போய்விட்டது. "கையில இருந்தா மூக்கப் பிடிச்சு ஆட்டிப் பாத்துச் சொல்லியிருப்பேனுங்ணா" என்றேன்.